அபாயம் யாருடையது? ஆப்பிரிக்கப் பெருவிலங்கு வேட்டை எழுத்துகளில் துப்பாக்கி சுமந்தோர்

ஆய்வுச்சுருக்கம்

ஆப்பிரிக்கப் பெருவிலங்கு வேட்டை குறித்து ஆங்கிலத்தில் எழுந்த நினைவுக்குறிப்புகளும் புனைகதைகளும் வேட்டையின் அபாயத்தையே மையப்பொருளாகக் கொண்டவை. அந்த அபாயத்தைப் பேரரசின் தற்பெருமை என்று தள்ளிவிடும் திறனாய்வுப் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. இக்கட்டுரை அபாயம் மெய்யானதே என ஏற்றுக்கொண்டு, அது யார்மீது விழுந்தது, யாருடையதாக எழுதப்பட்டது என்னும் வினாக்களை முன்வைக்கிறது. பேட்டர்சன், ஹெமிங்வே ஆகியோரின் எழுத்துகள் முதன்மைத் தரவுகளாகவும், மாண்டே வேட்டைக்காரர் மரபும் வாட்டா மக்களின் யானை வேட்டையும் ஒப்பீட்டுத் தரவுகளாகவும் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குக் கூறும் நிலைக்களன்கள் ஆய்வுக்கருவியாகப் பயன்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேட்டை இலக்கியம், சாவோ, ஹெமிங்வே, துப்பாக்கி சுமப்போர், மெய்ப்பாடு, அச்சம், கூலி உழைப்பு

முன்னுரை

ஆப்பிரிக்க வனவிலங்குச் சுற்றுலாவுக்குச் செல்வோர் இன்று 'ஐம்பெரும் விலங்குகள்' என்னும் தொடரைக் கேளாமல் திரும்புவதில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தும் இப்பட்டியலில் அடங்கும். உடற்பருமன் இப்பட்டியலின் அளவுகோல் அன்று. அவ்வாறாயின் ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் இடம்பெற்றுச் சிறுத்தை விடுபட்டிருக்கும். நடந்து சென்று வேட்டையாடுவோர்க்கு மிகுந்த அபாயம் விளைக்கும் விலங்குகள் எவை என்னும் வேட்டைக்காரர் கணக்கிலிருந்து பிறந்த பட்டியல் இது. ஆற்றங்கரைகளில் நீர் எடுக்கவும் மீன் பிடிக்கவும் செல்வோரைக் கொல்லும் நீர்யானைக்கும் முதலைக்கும் இதில் இடமில்லை. யாருக்கு அபாயம் என்பதே பட்டியலை முடிவுசெய்திருக்கிறது. கோப்பைகளிலும் சட்டைகளிலும் அச்சாகும் இந்த எளிய தொடரிலேயே இக்கட்டுரையின் வினா அடங்கியுள்ளது.

வேட்டை இலக்கியத்தை ஆராய்ந்தோர் இருவகைப்படுவர். முதல்வகையினர் வேட்டைக்காரரின் துணிவை அவர் சொன்னபடியே ஏற்றுக்கொண்டோர். இரண்டாம் வகையினர், வேட்டை என்பது பேரரசு தன் ஆண்மையையும் ஆதிக்கத்தையும் நடித்துக்காட்டிய அரங்கு என்று விளக்குவோர். ஜான் மெக்கென்சி 1988இல் வெளியிட்ட 'இயற்கையின் பேரரசு' என்னும் நூல் இவ்விரண்டாம் வகைக்கு அடித்தளமிட்டது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, காரன் பிளிக்சனின் ஆப்பிரிக்கச் சித்திரிப்பைக் கடுமையாக மறுத்து எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது. இவர்களது பங்களிப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அபாயத்தை நடிப்பு என்று சொல்லிவிட்டால், அந்த நடிப்பில் உடல் கிழிபட்டோரைப் பற்றிப் பேச வாய்ப்பில்லாமல் போகிறது. வேட்டைக்காரரை மறுக்கும் திறனாய்வும் வேட்டைக்காரரையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

சிங்கங்களுக்கென வரலாற்றாசிரியர் தோன்றும்வரை வேட்டைக் கதைகள் வேட்டைக்காரரையே போற்றும் என்னும் பொருளில் ஓர் ஆப்பிரிக்கப் பழமொழி உண்டு. சினுவா அச்செபே அதனைப் பலமுறை எடுத்தாண்டார்; அவர் வழியாக அது உலகெங்கும் பரவித் தேய்வழக்காகவும் ஆகிவிட்டது. அப்பழமொழியில் இரண்டே பாத்திரங்கள் உள்ளன. சிங்கத்துக்கும் வேட்டைக்காரருக்கும் இடையே, இரண்டாவது துப்பாக்கியைச் சுமந்துகொண்டு, தரையில் சுவடு பார்த்தபடி சென்ற மூன்றாமவர் அதில் இல்லை.

மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கையும் ஒரே வரிசையில் வைத்த நுட்பம் வேட்டை எழுத்துகளைப் படிக்கும்போது புலப்படுகிறது. வெள்ளை வேட்டைக்காரருக்கு அச்சம் விலங்கு என்னும் ஒரே களத்திலிருந்து பிறக்கிறது. துப்பாக்கி சுமந்தவருக்கோ முன்னால் விலங்கு, பின்னால் இறை.

சாவோ: மரத்தில் ஏறிய இருவர்

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896 முதல் 1901 வரை அமைக்கப்பட்ட உகாண்டா ரயில்பாதையில், சாவோ ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் பணி 1898இல் நடைபெற்றது. பிடரிமயிர் அற்ற இரண்டு ஆண்சிங்கங்கள் மாதக்கணக்கில் தொழிலாளர் கூடாரங்களுக்குள் புகுந்து மனிதரை இழுத்துச் சென்றன. பணியின் பொறுப்பாளர் ஜான் ஹென்றி பேட்டர்சன் அவற்றுள் ஒன்றை டிசம்பர் 9ஆம் நாளிலும் மற்றொன்றை டிசம்பர் 29ஆம் நாளிலும் சுட்டுக் கொன்றார். 1907இல் வெளிவந்த அவரது 'சாவோவின் ஆட்கொல்லிகள்' என்னும் நூல், ஆப்பிரிக்க வேட்டை இலக்கியத்தில் இன்றும் மிகுதியாகப் படிக்கப்படும் நூல்களுள் ஒன்று. 1996இல் வெளியான ஹாலிவுட் திரைப்படம் அதன் புகழை மேலும் பரப்பியது.

இறந்தோர் எத்தனை பேர் என்னும் வினாவிலிருந்து தொடங்கலாம். நூலில் பேட்டர்சன் தரும் கணக்கு 28 இந்தியத் தொழிலாளர்கள். ஆப்பிரிக்கரும் மிகப் பலர் இறந்தனர் என்கிறார். ஆனால் அவர்களுக்கு அலுவலகப் பதிவு இல்லை என்பதால் எண் தரவில்லை. பிற்காலத்தில் அவரே மொத்தத்தை 135 என்று உயர்த்தினார். சிங்கங்களின் தோல்கள் ஏறத்தாழக் கால்நூற்றாண்டு அவர் வீட்டுத் தரைவிரிப்புகளாகக் கிடந்து, 1920களில் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு 5,000 டாலருக்கு விற்கப்பட்டன. அங்குள்ள எச்சங்களின் மயிரையும் எலும்பையும் ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, இரு சிங்கங்களும் உண்ட மனிதர் ஏறத்தாழ 35 பேர் என மதிப்பிட்டது. உண்ணாமல் கொன்றவை இதில் அடங்கா. எனவே எண்ணை வைத்துப் பேட்டர்சனைப் பொய்யர் என்று முடித்துவிட இயலாது. எண்ணின் ஏற்ற இறக்கத்தைவிட, இந்தியக் கூலிக்குப் பதிவேடு இருந்தது, ஆப்பிரிக்கருக்கு அதுவும் இல்லை என்பதே நோக்கத்தக்கது.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ரயில்பாதைக்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 32,000 பேர். அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 2,500 பேர். சிங்கத்துக்கு இரையானோரைப் போல் பல பத்து மடங்கினர் நோயாலும் விபத்தாலும் மடிந்தனர். அந்த மரணங்களைப் பற்றிப் பெரும்புகழ் பெற்ற நூல் எதுவும் எழுதப்படவில்லை. காய்ச்சலைச் சுட்டு வீழ்த்தி அதன்மீது கால்வைத்துப் படமெடுத்துக்கொள்ள இயலாதன்றோ!

பேட்டர்சன் நூலின் உச்சக்காட்சி இரண்டாம் சிங்கத்தின் சாவு. குண்டடிபட்ட சிங்கத்தை அவர் தடம்பிடித்துச் செல்கிறார். உடன் செல்பவர் துப்பாக்கி சுமக்கும் மகினா. சிங்கம் திரும்பிப் பாய்கிறது. பேட்டர்சன் சுடுகிறார், சிங்கம் நிற்கவில்லை. இரண்டாவது துப்பாக்கிக்காகப் பின்னால் கையை நீட்டுகிறார். துப்பாக்கியும் இல்லை, மகினாவும் இல்லை. துப்பாக்கியுடன் அவர் மரத்தில் பாதிவழி ஏறிவிட்டிருக்கிறார். வேறு வழியின்றிப் பேட்டர்சனும் அதே மரத்தில் ஏறுகிறார். சிங்கத்தின் பின்னங்கால் ஒன்று முன்னரே முறிந்திருந்ததால் அவர் உயிர் பிழைக்கிறார். பின்னர் மகினாவின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிச் சுட்டு வீழ்த்துகிறார்.

ஒரே மரத்தில் ஏறிய இருவரின் அச்சமும் ஒரே விலங்கிலிருந்து பிறந்தது. எனினும் எழுத்தில் மகினாவின் ஏற்றம் நகைக்கும் பொருளாகவும், பேட்டர்சனின் ஏற்றம் அறிவுடைய முடிவாகவும் வடிவம் பெறுகின்றன. மெய்ப்பாட்டியல் வழியில் சொன்னால், ஒரே அச்சம் ஒருவரிடத்தில் நகையாகவும் மற்றொருவரிடத்தில் பெருமிதத்துக்கு முன்படியாகவும் திரிகிறது. மகினா அங்கே ஏன் நின்றார்? சிங்கத்தைக் கொல்லும் விருப்பம் அவருக்கு இருந்ததாக நூலில் குறிப்பேதும் இல்லை. அவர் நின்றது வேலைக்காக. அச்சத்தால் ஓடுவது அவருக்கு வேலையில் பிழை. பேட்டர்சனுக்கோ அது வேட்டையின் ஒரு திருப்பம்.

தொழிலாளர்கள் எப்போதும் அமைதியாக இருந்தவர் அல்லர் என்பதையும் அந்நூலே பதிவுசெய்கிறது. 1898 டிசம்பர் தொடக்கத்தில் அவர்கள் திரண்டு வந்து, தாங்கள் ஒப்பந்தம் செய்தது வேலைக்காகவே அன்றிச் சிங்கத்துக்கு உணவாவதற்கு அன்று என்று முறையிட்டனர். பின் தண்டவாளத்தில் படுத்து ரயிலை நிறுத்தி, அதில் ஏறிச் சென்றுவிட்டனர். பணி மூன்று வாரங்கள் நின்றது. அதற்கு முன்னர்ப் பேட்டர்சனைக் கொல்லவே கல்தச்சர்கள் சூழ்ச்சி செய்ததாக ஒரு முழு இயலும் உள்ளது. விலங்கு அச்சமும் இறை அச்சமும் ஒரே நூலில் அடுத்தடுத்த இயல்களாக அமைந்திருக்கின்றன. ஆசிரியர் மட்டும் அவற்றை இணைத்துப் பார்க்கவில்லை.

சிங்கங்கள் இறந்தபின் தொழிலாளர்கள் பேட்டர்சனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும் பாராட்டு மடலும் வழங்கினர். ரோஷன் என்னும் மேஸ்திரி இந்துஸ்தானியில் ஒரு நீண்ட பாடல் இயற்றினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலின் பின்னிணைப்பாக உள்ளது. சாவோவில் உயிருக்கு அஞ்சிக் கிடந்த ஆயிரக்கணக்கானோரிடமிருந்து அந்நூலுக்குள் நுழைந்த ஒரே படைப்பு ஆள்வோரைப் புகழும் பாட்டு. அதனை அடிமை மனத்தின் வெளிப்பாடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. சிங்கம் தூக்கிச்சென்ற இரவுகளைத் தம் மொழியில் முதன்முதலாகப் பாடியவர் அந்த மேஸ்திரி என்பதால், அப்பாடல் தனி ஆய்வுக்குரியது. வேட்டை இலக்கிய ஆய்வுகளில் அதற்குப் பேட்டர்சனுக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

வரிசையில் முன்னால் செல்பவர்

பேட்டர்சனின் கதை சாவோவுடன் முடிந்துவிடவில்லை. பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவின் வனவிலங்குக் காப்பாளரான அவர், 1908இல் ஆட்லி பிளித் என்பவரையும் அவர் மனைவியையும் சஃபாரிக்கு அழைத்துச் சென்றார். அப்பயணத்தில் பிளித் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார். அதைச் சுற்றி நெடுங்காலம் வதந்திகள் உலவின. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'பிரான்சிஸ் மக்கோம்பரின் குறுகிய இன்பவாழ்வு' (1936) என்னும் சிறுகதைக்கு இந்நிகழ்வே வித்தானது என்பர் ஆய்வாளர் பலர்.

கதை பலரும் அறிந்ததே. அமெரிக்கச் செல்வரான மக்கோம்பர், குண்டடிபட்ட சிங்கம் பாய்ந்தபோது ஓடிவிடுகிறார். அன்றிரவு அவர் மனைவி மார்கோ, தொழில்முறை வேட்டைக்காரரான வில்சனின் கூடாரத்துக்குச் செல்கிறாள். மறுநாள் காட்டெருமை வேட்டையில் மக்கோம்பர் அச்சத்தை வென்று நிற்கும் கணத்தில், எருமையை நோக்கி மார்கோ சுட்ட குண்டு கணவரின் தலையில் பாய்கிறது. இளிவரலிலிருந்து பெருமிதத்துக்கு ஒருவர் ஒருநாளில் கடந்துசெல்வதே கதையின் கட்டமைப்பு. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கு களன்களைத் தொல்காப்பியர் கூறுவார். மக்கோம்பரிடம் முதலிலிருந்தே பணமும் அதனால் வரும் பிறவும் இருந்தன. தறுகண் ஒன்றே இல்லாதிருந்தது.

மார்கோ வேண்டுமென்றே சுட்டாளா என்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகத் திறனாய்வாளர்கள் வாதிட்டு வந்துள்ளனர். அவ்வாதத்தில் என்னை உறுத்துவது, கதைக்குள்ளேயே சாட்சிகள் இருக்கிறார்கள் என்பதை அது மறந்துவிடுவதுதான். கதையைத் துப்பாக்கி சுமப்போரின் பக்கமிருந்து மீண்டும் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

தொடக்கத்தில், சிங்க வேட்டையிலிருந்து திரும்பிய மக்கோம்பரைச் சமையற்காரரும் பணியாளரும் சுமையாளரும் தோளில் தூக்கிக் கொண்டாடுகின்றனர். துப்பாக்கி சுமப்போர் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை என்கிறார் ஹெமிங்வே. நடந்தது என்ன என்று வாசகருக்கு இன்னும் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். வாசகரைவிட முன்னதாகக் கதையை அறிந்தவர்கள் அவர்கள். ஒரே தொடரில் இதனைச் சொல்லிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார்.

குண்டடிபட்ட சிங்கம் உயர்ந்த புல்லுக்குள் மறைந்தபின் மக்கோம்பருக்கும் வில்சனுக்கும் இடையே நிகழும் உரையாடல் இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. காடு கலைப்போரை உள்ளே அனுப்பினால் என்ன என்று மக்கோம்பர் கேட்கிறார். காயம்பட்ட சிங்கம் ஓசைக்கு விலகாமல் பாயும். ஆகவே அது கொலைக்கு ஒப்பாகும் என்னும் பொருள்பட வில்சன் மறுக்கிறார். துப்பாக்கி சுமப்போர் நிலை என்ன என்று அடுத்த வினா. அவர்கள் வருவார்கள், அதற்கென ஒப்புக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்கிறார் வில்சன். ஆனால் அவர்கள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியைக் காணோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். காடு கலைப்பவர் சாவது அறமன்று. துப்பாக்கி சுமப்பவர் சாவது ஒப்பந்தம். வேட்டையின் அறவியல் என்று பெருமையாகப் பேசப்படுவது இங்கே கூலி ஒப்பந்தத்தின் விதியாகத் தெளிவடைகிறது. சாவோ தொழிலாளர் முன்வைத்த முறையீடும் ஒப்பந்தத்தின் எல்லை பற்றியதே என்பதை இங்கு இணைத்துப் பார்க்கலாம்.

அடுத்து அவர்கள் புல்லுக்குள் நுழையும் வரிசை. முதலில் செல்பவர் முதியவரான கொங்கோனி. அவர் கண்கள் தரையில், குருதிச் சுவட்டின்மீது. அடுத்து வில்சன், பெரிய துப்பாக்கி சுடத் தயாராக இருக்க, அவர் பார்வை புல்லின் அசைவில். பிறகு இரண்டாவது துப்பாக்கி சுமப்பவரும், வில்சனை ஒட்டி மக்கோம்பரும். சிங்கம் பாயுமானால் முதலில் யார்மீது பாயும்? தலைகுனிந்து சுவடு பார்ப்பவர் எதிரில் வருவதைப் பார்க்க இயலாது. காயம்பட்ட விலங்கைப் பின்தொடர்வதே பெருவிலங்கு வேட்டையின் உச்ச அபாயம் என வேட்டைக்காரர் யாவரும் எழுதியுள்ளனர். அந்த உச்ச அபாயத்தின் முன்முனையில் நின்றவர் கொங்கோனி. கதையோ வரிசையின் பின்முனையில் இருந்தவரின் அச்சத்தைப் பற்றியது. சிங்கத்தின் வலியையும் சினத்தையும்கூட அதன் உள்ளிருந்து சில பத்திகள் எழுதிய ஹெமிங்வே, கொங்கோனியின் உள்ளத்துக்குள் ஒருமுறையும் செல்லவில்லை. இது திறமையின்மையால் நேர்ந்தது என்று கொள்ள இயலாது. கொங்கோனி அஞ்சினார் என்று எழுதினால் மக்கோம்பரின் அச்சம் தனித்தன்மை இழக்கும். அஞ்சவில்லை என்று எழுதினால் வில்சனின் தறுகண் தனித்தன்மை இழக்கும். கதையின் கட்டுக்கோப்புக்கு அவரது மனம் மூடியே இருக்க வேண்டியிருக்கிறது.

காட்டெருமைக் காட்சியில் காரிலிருந்து கீழே விழுந்துவிட்ட துப்பாக்கி சுமப்பவர் ஒருவர் நொண்டியபடி வந்து, இறந்ததாக எண்ணிய முதல் எருமை எழுந்து புதருக்குள் போய்விட்டது என்னும் செய்தியைச் சொல்கிறார். கதையின் முடிவை உருவாக்கும் செய்தி இதுவே. அவர் காலுக்கு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. மக்கோம்பர் இறந்ததும் நிலைமை மாறுகிறது. கிடந்த துப்பாக்கியை எடுத்த துப்பாக்கி சுமப்பவரை அப்படியே விடும்படி வில்சன் பணிக்கிறார். அப்துல்லாவை அழைத்துவந்து விபத்து நேர்ந்த விதத்தைக் காணச்செய்யச் சொல்கிறார். துப்பாக்கி சுமப்போரின் சாட்சியமும் ஓட்டுநரின் சாட்சியமும் விசாரணையில் பயன்படும் என்று மார்கோவிடம் கூறுகிறார். கதை முழுதும் வாய்திறக்க வேண்டாதிருந்தவர்கள், வெள்ளையர் ஒருவரின் மரணத்தை விபத்தாக்க வேண்டிய கணத்தில் சட்டப்படி பேசத்தக்கவர் ஆகின்றனர். அவர்கள் என்ன கண்டார்கள் என்பது அப்போதும் கேட்கப்படவில்லை. என்ன காண வேண்டும் என்பது சொல்லப்படுகிறது. பணியாளரைச் சட்டத்துக்குப் புறம்பாகச் சவுக்கால் அடிப்பிப்பவர் வில்சன் என்பதைக் கதை முன்னரே சொல்லியிருப்பதால், அந்தச் சாட்சியத்தின் பின்னணியில் இருக்கும் இறை அச்சத்தை வாசகர் உணர இயலும். இந்தக் கோணத்தில் பார்க்கும்போது மார்கோவின் நோக்கம் பற்றிய நெடிய விவாதம் எனக்குச் சிறிதாகத் தோன்றுகிறது.

ஹெமிங்வே இதனை முற்றிலும் அறியாமல் எழுதினார் என்றும் சொல்வதற்கில்லை. 1933 டிசம்பரில் தொடங்கிய தம் சஃபாரியை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' (1935) என்னும் நூலில் துப்பாக்கி சுமந்த ம்கோலாவின் மதிப்பைப் பெறவேண்டும் என்னும் ஏக்கம் நெடுக ஓடுகிறது. அதே நூலில் தடம் பார்ப்போர் சிலருக்கு 'ட்ரூப்பி', 'கேரிக்' என்று ஆங்கிலப் பட்டப்பெயர்களே உள்ளன. அந்தச் சஃபாரியில் ஹெமிங்வேயை வீழ்த்தியது விலங்கு அன்று, சீதபேதி. அவரை விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. 'கிளிமஞ்சாரோவின் பனி' (1936) கதையின் நாயகன் இறப்பதும் ஒரு முள்கீறலைக் கவனியாமல் விட்டதால்தான். வேட்டைக்காரர் எழுதிய அபாயமும் அவரைக் கொன்ற அபாயமும் பல வேளைகளில் ஒன்றல்ல. புகழ்பெற்ற வேட்டைக்காரர் பிரெடெரிக் செலூஸ் 1917இல் போர்க்களத்தில் குண்டுபட்டு இறந்தார். டெனிஸ் ஃபிஞ்ச் ஹாட்டன் 1931இல் வோய் அருகே விமான விபத்தில் மடிந்தார். மறுபுறம், பிரித்தானிய வெளியுறவு அமைச்சரின் உடன்பிறந்தாரான ஜார்ஜ் கிரே 1911இல் கென்யாவில் சிங்கத்தால் தாக்கப்பட்டே இறந்தார். ஆகவே அபாயம் கற்பனை என்பது பொருந்தாது.

கொன்றபின் தொடங்கும் அபாயம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடையே 'டொன்சோ' எனப்படும் வேட்டைக்காரர் சங்கங்களும், அவர்களின் வீரச்செயல்களைப் பாடும் பாணர்களும் உண்டு. இம்மரபில் அபாயத்தின் இருப்பிடமே வேறு. ஒவ்வோர் உயிரிலும் 'ந்யாமா' என்னும் ஆற்றல் உறைகிறது. விலங்கு கொல்லப்படும்போது அது வெளிப்பட்டுக் கொன்றவரைத் தாக்கும் என்பது நம்பிக்கை. அதனைத் தாங்கும் அறிவும் காப்பும் உடையவரே வேட்டைக்காரர். ஆங்கில வேட்டைக் கதைகளில் விலங்கு விழுந்ததும் அபாயம் முடிகிறது. கொம்பை அளப்பதும் படமெடுப்பதும் தொடங்குகின்றன. கணவர் பிணமாகக் கிடக்கும்போதும் எருமையின் கொம்பளவை வில்சனின் மனம் தன்னியல்பாகக் கணிக்கிறது. மாண்டே மரபில் விலங்கு விழும் அக்கணத்தில்தான் பெரும் அபாயம் தொடங்குகிறது. தொல்காப்பியர் சொற்களில், விலங்கு அச்சம் இங்கே அணங்கு அச்சமாக மாறுகிறது.

ஐவரி கோஸ்டின் நாவலாசிரியர் அமது குருமா, 'காட்டு விலங்குகளின் வாக்குக்காகக் காத்திருத்தல்' (1998) என்னும் பிரெஞ்சு நாவலை இவ்வேட்டைப் பாடல் மரபின் வடிவில், ஆறு இரவு அரங்குகளாக அமைத்தார். நாயகன் கொயாகா வேட்டைக்காரன், பின்னர்ச் சர்வாதிகாரி. தான் கொன்ற விலங்கின் வாலை அறுத்து அதன் வாயில் திணித்து ந்யாமாவைச் சுழற்சிக்குள் அடைக்கிறான். ஆட்சியைப் பிடித்தபின் தன் அரசியல் எதிரிகளின் உடல்களையும் அதே முறையில் சிதைக்கிறான். மரபுவழி வேட்டை தூய்மையானது, காலனிய வேட்டை கறைபட்டது என்னும் எளிய எதிர்நிலையைக் குருமா நமக்குத் தரவில்லை. இறை அச்சம் கறுப்பு உடையிலும் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். இக்கட்டுரையின் வாதத்துக்கும் அது ஓர் எச்சரிக்கை.

சாவோவில் வில்

கதை மீண்டும் சாவோவுக்கே திரும்ப வேண்டியுள்ளது. பேட்டர்சன் சிங்கங்களைச் சுட்ட அதே நிலப்பகுதியில் வாட்டா மக்கள் யானை வேட்டையில் தேர்ந்தவர்களாக வாழ்ந்தனர். பிறர் அவர்களை வாலியாங்குலு என்றனர். இழுப்பதற்குப் பெருவலிமை வேண்டும் நீண்ட வில்லும், ஒருவகை மரத்திலிருந்து காய்ச்சி எடுத்த நஞ்சு தடவிய அம்பும் அவர்களது கருவிகள். அம்பு தடித்த தோலைத் துளைத்து ஆழச்செல்ல வேண்டுமானால் யானைக்குச் சில மீட்டர் தொலைவுவரை நெருங்கியாக வேண்டும். காற்றின் திசை மாறினால் முடிந்தது. பின்னால் இரண்டாவது துப்பாக்கியை நீட்ட எவரும் இல்லை. அபாயமே வேட்டையின் பெருமைக்கு அளவுகோல் என்னும் வேட்டை எழுத்தாளர்களின் நெறியை அவர்கள்மீதே பொருத்தினால், முதலிடம் இந்த வில்லாளிகளுக்கே உரியது.

ஆனால் காலனிய வனவிலங்குச் சட்டங்கள் உரிமம் பெற்றுச் சுடுவோரை வேட்டைக்காரர் என்றும், உரிமமின்றி அம்பெய்வோரைத் திருடர் என்றும் வகுத்தன. தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் 1909ஆம் ஆண்டுப் பயணத்தில் 512 பெருவிலங்குகளைச் சுட்டனர். அது அறிவியல் சேகரிப்பு எனப்பட்டு நூலாகவும் வெளிவந்தது. 1948இல் சாவோ தேசியப் பூங்கா உருவானது. 1950களின் நடுவில் நிகழ்ந்த கள்ளவேட்டை ஒழிப்பு நடவடிக்கையில் வாட்டா வில்லாளிகள் பெருமளவில் கைதுசெய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். தந்தம் வணிகர் கைகளுக்குச் சென்றதையும் யானைகள் குறைந்ததையும் மறுக்க இயலாது. காப்பாளர்களின் கவலைக்கு அடிப்படை இருந்தது. எனினும், அச்சத்தின் நான்கு களன்களுள் எஞ்சியிருந்த 'கள்வர்' என்னும் சொல் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதுவும் அஞ்சியவர்மீதே ஒட்டிக்கொள்கிறது.

வாட்டா மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் பலரும் அறிந்த நூலான டென்னிஸ் ஹோல்மனின் 'யானை மக்கள்' (1967) அவர்களது வில்திறனை வியந்து போற்றுகிறது. ஆனால் அக்கதை அவர்களைப் பிடித்த காப்பாளர்களின் வழியாகவே வருகிறது. மகினாவைப் பேட்டர்சன் வழியாகவும் கொங்கோனியை வில்சன் வழியாகவும் அறிவதுபோல் வில்லாளிகளையும் அவர்களைச் சிறைப்படுத்தியவர்கள் வழியாகவே அறிகிறோம். கைதான வில்லாளிகள் நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலங்களையும், அவர்களுள் சிலர் சிறையிலிருந்து மீண்டு அதே பூங்காவில் தடம் பார்ப்போராக வேலைக்குச் சேர்ந்த வரலாற்றையும் வேட்டை இலக்கியத்தின் பகுதியாகப் படிக்கத் தொடங்கினால், ரூஸ்வெல்ட்டும் பேட்டர்சனும் ஹெமிங்வேயும் அடுக்கப்பட்ட அலமாரியில் அவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டிவரும். கென்யா 1977இல் வேட்டையை முற்றிலும் தடைசெய்தது. அதன்பின் சாவோவுக்கு வந்தவர்கள் கேமராவுடன் வந்தனர். அவர்களுக்கும் முன்னால் அமர்ந்து சுவடு பார்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.